முப்பது நாள் முன்னால் சொல்லணும்

எனக்கு வாய் நீளம் என்று என் மாமியார் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். பொய் என்று சொல்ல மாட்டேன். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். எழுபது வயதுக்காரர் வந்து உட்கார்ந்தால், "பவர் ரொம்பக் கூடிருச்சுய்யா, இனிமே வண்டியத் தொடாதீய" என்று முகத்துக்கு நேரே சொல்வேன். ஆடித் தள்ளுபடியில் பிரேம் வாங்கிப்போய் உடைத்துக்கொண்டு வந்து சண்டை போடுகிறவர்களை முதலாளி என்னிடம்தான் தள்ளிவிடுவார். அப்பேர்ப்பட்ட எனக்கு, கீழ்வீட்டுப் பரிபூரணம் பெரியம்மாவிடம் "வீட்டைக் காலி பண்ணுதோம்" என்று சொல்லப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரியம்மாதான் எங்கள் வீட்டுக்காரர். வயது அறுபத்து மூன்று. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் கணவர் தவசிமுத்துப் பெரியப்பாவும் கீழே இருக்கிறார்கள். மாடியில் நானும் என் கணவர் ராம்குமாரும் ஆறு வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். ஒப்பந்தக் காகிதம் எதுவும் கிடையாது. குடிவந்த அன்று பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "போறதா இருந்தா முப்பது நாள் முன்னால சொல்லணும்ட்டி. திடுதிப்புன்னு போனா எனக்கு மனசு தாங்காது." அதோடு ஒன்றைச் சேர்த்தும் சொன்னார். "ஆனா பாத்துக்கோ, புள்ளையத் தூக்கிக்கிட்டுத்தான் இந்தப் படிய விட்டு எறங்கணும்."

அந்த மாடிக்குத் தெருவில் தொட்டில் வீடு என்று பெயர். எங்களுக்கு முன்னால் அங்கே நான்கு குடும்பங்கள் இருந்தன. நான்கும் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல் வந்தவை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் எட்டு வருஷம் ஏங்கிவிட்டு இங்கே வந்தாராம், பதினான்காவது மாதம் ஆல்வின் பிறந்தானாம். அடுத்து வந்தவர்களுக்கு இரட்டை. அதற்கடுத்து கார்த்திகா. அப்புறம் எட்வின். ஐந்து பிள்ளைகளின் போட்டோவும் பெரியம்மா வீட்டு முன்னறையில் வரிசையாக மாட்டியிருக்கும். "டூ லெட்" பலகையை அந்த வீட்டு வாசல் கண்டதே இல்லை. பிள்ளையில்லாதவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார். யார் யாரோ சொல்லிவிட்டு, எங்கெங்கிருந்தோ வந்து காத்துக்கிடப்பார்கள். என் மாமியார் ஒன்றரை வருஷம் நடையாய் நடந்து எங்களுக்கு வாங்கிக் கொடுத்தார்.

ஆறு வருஷம் ஆயிற்று. மதுரையில் இரண்டு தடவை வைத்தியம் பார்த்தோம். இரண்டாவது தடவையும் இல்லை என்று ஆன அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் ராம்குமார் மெதுவாகக் கேட்டார்.

"போதும்ல?"

"போதும்," என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. அழுதுவிடுவேன் என்று நினைத்தேன், அழவில்லை. பஸ் நின்ற இடத்தில் இறங்கி டீ குடித்தோம், வடை நன்றாக இருந்தது, இன்னொன்று வாங்கினோம். பல வருஷத்துக்கு அப்புறம் தேதி பார்க்காமல், கணக்குப் போடாமல் ஒரு நாள் ஓடியது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்த நிம்மதி மாடிப்படி வரைக்கும்தான். கீழே பெரியம்மா காத்திருப்பார். "டாக்டரு என்னட்டி சொன்னாரு?" நான் மொட்டைமாடியில் எந்த நாளில் என்ன துணி காயப்போடுகிறேன் என்பது அவருக்கு மனப்பாடம். மாதம் ஒருமுறை என் துணிக்கொடியைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அது மாடி வரைக்கும் கேட்கும். அவருடைய சபையின் பெண்கள் குழு வாட்ஸ்அப்பில் வாராவாரம் ஜெபக்குறிப்பு போடுவார்கள். அதில் ஏழாவது நான்தான். "அனுசியா, குழந்தை பாக்கியம்." ஆறாவதாக இருந்த ஒருவருக்கு மூட்டுவலி சரியாகிப் பெயர் போய்விட்டது. எட்டாவது ஆளின் மகனுக்கு வேலை கிடைத்துப் பெயர் போய்விட்டது. நான் மட்டும் அசையவில்லை. கடைக்கு வரும் முன்பின் தெரியாத அக்காமார்கள், "நீதான அந்த அனுசியா? ஒனக்காகத்தான் செபம் பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி வாங்கிப் போவார்கள்.

பெரியம்மா கெட்டவராக இருந்திருந்தால் ஒரே நாளில் சண்டை போட்டுக் கிளம்பியிருப்பேன். நல்லவர். எனக்கு டெங்கு வந்தபோது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அதுதான் என் கழுத்தைப் பிடித்தது.

சித்திரையில் எங்கள் முதலாளி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளை திறக்கப்போவதாகச் சொன்னார். ஆவணியில் திறப்பு. யார் போகிறீர்கள் என்று அவர் கேட்டு முடிக்கும் முன் நான் கையைத் தூக்கிவிட்டேன். வில்லிபுத்தூருக்கு எங்கள் தெருவிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். அரைமணி நேரத்தில் பஸ் கொண்டுபோய் விட்டுவிடும். அந்தத் தூரத்துக்கு யாராவது வீடு மாற்றுவார்களா? மாற்ற மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், ராம்குமாருக்கும் தெரியும். நூற்பாலையில் ஃபிட்டராக இருக்கும் மனிதர், இனி அவர்தான் எதிர்த்திசையில் தினமும் வண்டியில் வர வேண்டும். இருந்தும், "சரி, பாப்போம்" என்று என்னோடு வீடு பார்க்க வந்தார்.

தேரடிக்குப் பின்னால் ஒரு வீடு அமைந்தது. வீட்டுக்காரர் பெயர் வெள்ளத்தாய். எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தன பேரு?" என்றார்.

"ரெண்டு பேரு."

"தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். கொடம் நெறைய வச்சுக்கோங்க."

அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. ரெண்டு பேர் என்றால் ரெண்டு பேர். அந்த இடத்திலேயே எனக்கு அந்த வீடு பிடித்துவிட்டது.

வேறு யாரோகூட அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆடி பொறக்கப் போகுது. அதுக்கு முந்தி பாலக் காச்சிட்டுச் சாவிய வாங்கிக்கோங்க. சாமான ஆவணியில கொண்டாங்க. பாலு காச்சிட்டா வீடு ஒங்களுக்கு, வேற ஆளுக்குத் தர மாட்டேன்" என்றார் வெள்ளத்தாய். ஆனி கடைசி வளர்பிறைப் புதன்கிழமை, விடிகாலையில் பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு இறங்கினேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "எங்கட்டி சீவிச் சிங்காரிச்சு?" என்றார்.

"வில்லிபுத்தூர் கோயிலுக்கு, பெரியம்மா. ஒரு வேண்டுதல்."

பொய். கோயில் கோபுரத்தைத் தாண்டிப் போய்ப் புது வீட்டில் பால் காய்ச்சினேன். பால் பொங்கியபோது ராம்குமார் சிரித்தார். நான் அவசரமாக அடுப்பை அணைத்தேன். இருக்கிற வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இன்னொரு வீட்டில் பால் காய்ச்சுவது எங்கள் பக்கம் கல்யாணம் பேசிவிட்டு வேறு இடத்தில் தாலி கட்டுகிற மாதிரி. ஆவணி நாலாம் தேதி சாமான் ஏற்றுவதாக முடிவு. முப்பது நாள் என்றால் ஆடி ஐந்தாம் தேதி திங்களோடு கெடு முடிகிறது. "இன்னைக்கே சொல்லிரு. பொம்பளைகளுக்குள்ள பேசிக்கிட்டா சுமுகமா முடியும்" என்று சொல்லிவிட்டு ராம்குமார் ஷிப்டுக்குப் போய்விட்டார். ஆண்பிள்ளைகளுக்கு எவ்வளவு சுலபம் பாருங்கள்.

புதன் சாயங்காலம் இறங்கினேன். விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்வார்களா? திரும்பி ஏறினேன். வியாழன் பெரியம்மா வீட்டில் சபை ஆட்கள் கூடி ஜெபம். வெள்ளிக்கிழமை என் அம்மா போனிலேயே கத்தினார். "வெள்ளிக்கெழமயும் அதுவுமா அந்த வார்த்தையச் சொல்லித் தொலைக்காத, லட்சுமி போயிருவா." சனிக்கிழமை பெரியப்பாவுக்குப் பல்வலி. ஞாயிறு அவர்கள் சபை ஆராதனைக்குப் போய்விட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் படிக்கட்டில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிக் கொடுத்தேன். அவர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்த் தலைசுற்றித் திரும்பி வந்தார்.

திங்கட்கிழமை ராகுகாலம் கழியட்டும் என்று ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன். கையில் புதன்கிழமை வாங்கிய பால்கோவா டப்பா. இனிப்பைக் கொடுத்துவிட்டுக் கசப்பைச் சொல்லலாம் என்று ஒரு யோசனை. பெரியம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எப்படிச் சொல்லன்னு தெரியல. ஒரு வாரமா நெனச்சுக்கிட்டே இருக்கேன்…"

நெற்றியில் வேர்வை. அவர் கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று நான் உணர்வதற்குள் எழுந்துவந்து என் வாயை உள்ளங்கையால் பொத்திவிட்டார்.

"சொல்லாத. மூணு மாசம் முடியாம வாயத் தொறந்து சொல்லப்படாது. கண்ணுபட்ரும். எனக்குத் தெரியும்ட்டி. பட்டுச்சேல கட்டிக் கோயிலுக்குப் போறேன்னியே, அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவருடைய இன்னொரு கை என் வயிற்றில் இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கையைத் தட்டிவிட்டு, "அது இல்ல பெரியம்மா" என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த மனுஷி அழுதுகொண்டிருந்தார். என் கல்யாணத்தில்கூட என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அந்தக் கை சூடாக இருந்தது. இது நிஜமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நின்று அனுபவித்தேன். போதும் என்று முடிவெடுத்தவள், டீயும் வடையும் தின்றவள், அந்த ஒரு நிமிஷத்துக்கு ஆசைப்பட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அதற்குள் பெரியப்பா உள்ளேயிருந்து வந்தார், பெரியம்மா என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி, "பாத்தீயளா, இனிப்போட வந்திருக்கா!" என்றார். கடைக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டேன்.

மதியம் ராம்குமார் மெசேஜ் அனுப்பினார். "சொல்லிட்டியா?" நான் "ம்" என்று அனுப்பினேன். ஒரே எழுத்தில் ஒரு முழுப் பொய் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் எனக்கு நரகம். மாடிப்படியில் புது பல்பு. தண்ணீர்க் குடத்தை நான் தொட்டால், "வையிட்டி கீழ!" என்று கீழேயிருந்து அதட்டல். என் ஸ்கூட்டர் சாவியைப் பெரியம்மா வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். பெரியப்பா தன் பழைய டிவிஎஸ் ஃபிப்டியில் என்னைக் கடைக்குக் கொண்டுபோய் விட்டார். நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். காலையில் மாதுளை, சாயங்காலம் முருங்கைக்கீரை சூப். மறுக்க மறுக்கக் குடித்தேன். குடிக்கக் குடிக்க அவமானமாக இருந்தது. புதன்கிழமை ராம்குமார் மாடியேறி வந்து குழப்பத்தோடு உட்கார்ந்தார்.

"நாம போறோம்னு சொன்னதுக்கு பெரியப்பா எங் கையப் புடிச்சு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுதாரு. ரொம்பச் சந்தோசம் தம்பின்னு கண்ணெல்லாம் கலங்குது. இம்புட்டுத் தொல்லையாவா இருந்தோம்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை பெரியம்மா ஒரு கவரைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நன்றி சொல்லிப் போடும் ஸ்தோத்திர காணிக்கை. "ஒம்பேரு எழுத மாட்டேன். மூணு மாசம் ஆகலைல்லா. 'எங்கள் மாடி வீட்டுக்காக'ன்னு மட்டும் எழுதிருக்கேன்." அந்தச் சபையில் அந்த மாடி வீட்டைத் தெரியாத ஆள் யார் இருக்கிறார்கள்? போதகர் ஐயர் மேடையில் நின்று வாசிப்பார், நானூறு பேர் ஆமென் சொல்வார்கள், ஏழாவது பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். அன்று சாயங்காலம் ராம்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் ரொம்ப நேரம் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"நான் போய்ச் சொல்லட்டா?"

"வேண்டாம். பொத்தினது எவ்வாயத்தான். நானே சொல்லுதேன்."

சனிக்கிழமை, ஆடி மூணாம் தேதி, கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்குக் கீழே இறங்கினேன். ராம்குமார் வேலைக்குப் போயிருந்தார். நாள் பார்க்கவில்லை, நட்சத்திரம் பார்க்கவில்லை. முன்னறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சோழபுரத்திலிருந்து வந்த தங்கப்பாண்டியன், அவர் மனைவி பாண்டிசெல்வி. அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். மாடி வீடு கேட்டு இது நாலாவது தடவையாம்.

"வாட்டி, வா. நின்னுக்கிட்டே இருக்காத, உக்காரு," என்று பெரியம்மா எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பாண்டிசெல்வி பக்கம் திரும்பினார். "வெளிய சொல்லப்படாது, ஒனக்காகச் சொல்லுதேன். இவளப் பாரு. ஆறு வருசம். டாக்டருங்க கையவிட்டுட்டாவ. வீடு கைவிடல. இன்னும் எட்டு மாசம் பொறுத்துக்கோ, அடுத்தது ஒனக்குத்தான்."

பாண்டிசெல்வி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் வாங்கியதில்லை. எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நாங்க வார மாசம் மதுரையில தேதி வாங்கிருந்தோம். இவுக அம்மா சொல்லுதாவ, எதுக்கு அங்க போயி ஊசியும் மருந்துமா ஒடம்பக் கெடுக்கணும், அந்த வீடு கெடச்சாப் போதும்னு. ஒங்களப் பாத்த பொறவு எனக்கும் அப்படித்தான் தோணுது. தேதிய வேண்டாம்னு சொல்லிரலாம்னு…"

"அய்யோ, அப்படிச் செய்யாத," என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பெரியம்மா திரும்பிப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"பெரியம்மா, நான் உண்டாகல."

அவர் முகம் வெளுத்தது. "கலைஞ்சிருச்சாட்டி? நேத்து நல்லாத்தானே…"

"கலையல. இருக்கவே இல்ல. அன்னைக்கு நான் சொல்ல வந்தது வேற. வில்லிபுத்தூர்ல வீடு பாத்திருக்கோம். ஆவணி நாலாந்தேதி, புதன்கெழம காலி பண்ணுதோம். முப்பது நாள் முன்னால சொல்லணும்னு சொன்னீய. இன்னைக்கு முப்பத்திரெண்டு நாள் இருக்கு."

பெரியப்பா வாசல்நிலையைப் பிடித்தபடி நின்றார். பெரியம்மா கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்த்தது இல்லை.

"பால் காச்சியாச்சா?"

"ஆச்சு."

"என்னைக்கு?"

"கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போனேன்லா, அந்தப் புதன்கெழம."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம பால் காச்சிட்ட," என்றார். பிள்ளை இல்லை என்றதைவிட அது அவரை அதிகமாக அடித்துவிட்டது. "நான் வாயப் பொத்துனேன். ஒத்துக்கிடுதேன். கையத் தட்டிவிட்டுட்டுச் சொல்லக்கூடாதா? ஆறு நாளா என்னையக் கீரை உருவ விட்டுருக்கியே."

"ஒங்க கை எவ்வயித்துல இருந்துச்சு, பெரியம்மா. எடுக்க மனசு வரல. நான் செஞ்சது தப்புத்தான்."

"வீட்டுல என்ன கொற? எதுக்குப் போற?"

"வீட்டுல கொற இல்ல. எங்ககிட்ட ஒரு கொற இருக்குன்னு தெனமும் படியேறும்போது ஞாபகம் வருது. நாங்க போதும்னு முடிவு பண்ணிட்டோம். தையில மதுரையில இருந்து வரும்போதே முடிவு பண்ணிட்டோம். ஒங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. என் பேரையும் குறிப்புல இருந்து எடுத்துருங்க. கோவமாச் சொல்லல. இனிமே எனக்காக யாரும் கேக்க வேண்டாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அழுதுவிட்டால் தேவலை என்று இருந்தது, இரண்டு பேருக்குமே வரவில்லை.

தங்கப்பாண்டியன்தான் தொண்டையைச் செருமினார். பாவம், அதுவரை எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப… வீடு ஆவணியிலயே காலியாவுதுங்களா?"

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் பாண்டிசெல்வியின் தோளைப் பிடித்தேன். "நல்லாக் கேட்டுக்கோ. நான் ஆறு வருசம் இருந்தேன். ஒண்ணும் நடக்கல. வீடு வீடுதான். மதுரைத் தேதிய விடாத."

"சரிக்கா," என்றாள். தலையை ஆட்டினாள். ஆனால் கண் மாடிப்படிக்குப் போய்விட்டிருந்தது. ஒருமுறை வீட்டைப் பார்த்துக்கிடட்டுமா என்று பெரியம்மாவைக் கேட்டாள். பெரியம்மா என்னைப் பார்க்காமல், "கூட்டிட்டுப் போயிக் காட்டு. நீதான இருக்க," என்றார்.

மாடிக்குக் கூட்டிப்போனேன். சமையலறையைக் காட்டினேன், தண்ணீர் வராத நாட்களில் எந்தக் குழாயைத் திறக்க வேண்டும் என்று சொன்னேன், மோட்டார் சுவிட்சு எங்கே என்று காட்டினேன். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. நடுக்கூடத்தில் நின்று இரண்டு பக்கமும் இருந்த இரண்டு அறைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். புருஷன் மொட்டைமாடிக்குப் போனதும் என் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீய."

"கேளு."

"நீங்க எந்த ரூம்ல படுத்தீய?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் சுரீரென்று கோபம் வந்தது. இவ்வளவு நேரம் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன்? நாக்கின் நுனியில் நாலு வார்த்தை வந்து நின்றது. அவள் சேலை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். குடிவந்த வாரம் நான் இதே கூடத்தில் போனில் திசைகாட்டி வைத்துக்கொண்டு, கட்டிலுக்குத் தலைமாடு கிழக்கா தெற்கா என்று ராம்குமாரை நாலு தடவை இழுக்க வைத்தேன்.

"மேக்க இருக்குல்லா, அந்த ரூம்ல," என்றேன்.

"அப்ப நாங்க இதுல படுத்துக்கிடுதோம்க்கா."

"படுத்துக்கோ. இதுலதான் காத்தும் நல்லா வரும். மதுரைக்கும் போ."

"ரெண்டும் செய்யுதேன்," என்று சொல்லிவிட்டு அவள் கிழக்கு அறைக்குள் போனாள். சுவரோரம் ஒரு பாதத்துக்கு முன் ஒரு பாதமாக வைத்துக் கட்டில் போட இடம் அளந்தாள். சன்னல் வரைக்கும் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அங்கே கிடந்த துணிக்கூடையை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டேன்.